கப்பல் கட்டும் கைகளும் பிள்ளைகளின் முதல் வேலையும்

கப்பல் கட்டும் தொழிலுக்கென 69,725 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத் தொகுப்பு ஒன்றுக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 செப்டம்பர் 24 அன்று ஒப்புதல் அளித்தது. கப்பல் கட்டுவதற்கான நிதியுதவிக்கு 24,736 கோடி, கடல்சார் வளர்ச்சி நிதியத்துக்கு 25,000 கோடி, தளங்களின் திறனைப் பெருக்க 19,989 கோடி என அத்தொகை பகுக்கப்பட்டுள்ளது. உலகக் கப்பல் கட்டுமானத்தில் இன்று 1 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கையே கொண்டுள்ள இந்தியா, 2030க்குள் முதல் பத்து நாடுகளுள் ஒன்றாகவும் 2047க்குள் முதல் ஐந்தனுள் ஒன்றாகவும் உயரும் என்பது அரசின் இலக்கு. ஏறத்தாழ 30 லட்சம் வேலைகள் உருவாகும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

இந்நாட்டில் கப்பல்கள் கட்டப்பட வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு எவ்வித ஐயமும் இல்லை. அந்நியக் கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார், தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றார். கப்பலும் தொழிலாளியும் ஒரே போராட்டத்தின் இரு முகங்கள் என்பதைத் தமிழ்நாடு அன்றே கண்டது. எனவே நாம் எழுப்பும் கேள்வி வேறு. அந்த 30 லட்சம் வேலைகளுள் ஒன்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு முதல் வேலையாகக் கிடைக்கும்போது, அது எத்தகைய வேலையாக இருக்கும்? அவரைத் தொழிலாளி என்று சட்டம் ஏற்குமா? ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் அவர் அதே தளத்தில் நிற்பாரா?

ஒரு தொழிலாளியின் வாழ்நாள் ஊதியமும் உரிமையும் பெரும்பாலும் முதல் வேலையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஒப்பந்தக்காரரின் பேரேட்டில் முதலில் பெயர் பதிந்தவர், நாற்பது வயதிலும் ஒப்பந்தக்காரரின் பேரேட்டிலேயே இருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே பிள்ளைகளின் முதல் வேலை என்பது குடும்பத்தின் தனிக் கவலை அன்று. அது வர்க்கத்தின் கேள்வி.

பேப்பூரின் பாடம்

கப்பல் கட்டும் திறன் எத்தகையது என்பதை அறிய, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் சாலியாறு கடலில் கலக்கும் பேப்பூரைப் பார்ப்பது தகும். ‘உரு’ எனப்படும் பெரிய மரக்கலங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டு அரபு நாடுகளுக்குச் சென்றுள்ளன. காகிதத்தில் வரைபடம் இல்லை. தலைமைத் தச்சரின் மனமே வரைபடம். ஏராக்கட்டையை நிலைநிறுத்துவது, அதன்மீது பலகைகளை வளைத்துப் பொருத்துவது, உள்ளே வங்குகளை அமைப்பது, இடுக்குகளில் பஞ்சை அடைத்து நீர் புகாமல் கலப்பற்றுச் செய்வது என ஒவ்வொன்றும் தனித் தொழில். எந்த மரம் எவ்வளவு வளையும், நனைந்தால் எவ்வளவு உப்பும் என்பதைக் கை அறிய வேண்டும். எந்தப் புத்தகத்திலிருந்தும் அந்த அறிவை ஓராண்டில் பெற்றுவிட இயலாது.

கட்டி முடித்த கலத்தை நீரில் இறக்குவோர் கலாசிகள். வடக்கயிறு, கப்பி, உருளைக்கட்டை, ஒருங்கிணைந்த மனித வலிமை ஆகியவற்றைக் கொண்டு பெரும்பாரத்தை நகர்த்தும் கலை அவர்களுடையது. 1988 ஜூலை 8 அன்று கொல்லம் அருகே பெருமண்ணில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடி ஏரிக்குள் கவிழ்ந்து 105 பேர் மாண்டபோது, மூழ்கிய பெட்டிகளை மீட்கும் பணிக்கு அழைக்கப்பட்டோருள் கலாசிகளும் இருந்தனர்.

இன்று அத்தொழிலில் இளைஞர்கள் குறைந்துவருகின்றனர். குஜராத்தின் கட்ச் பகுதியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் மரக்கலம் கட்டும் மாண்ட்வியிலும், வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் படகு கட்டும் பாலாகரிலும் இதே நிலைதான். இதைக் கண்டு ‘இளைய தலைமுறைக்கு உழைப்பில் நாட்டமில்லை’ எனப் புலம்புவோர் உண்டு. அப்புலம்பலில் உண்மை இல்லை. ஒரு கலத்துக்கு முன்பணம் வந்தால் வேலை. அது நீரில் இறங்கிவிட்டால் அடுத்த கலம் வரும்வரை வேலையின்மை. வருங்கால வைப்புநிதி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, முதுமையில் ஓய்வூதியம் இல்லை. உளி தவறி விரல் போனால் இழப்பீடு கேட்க எவரும் இல்லை. தன் மகனும் இதே நிலைக்கு ஆளாக வேண்டாம் எனத் தச்சர் ஒருவர் முடிவு செய்கிறாரெனில், அது உழைப்பின் மீதான வெறுப்பு அன்று. நாற்பதாண்டு அனுபவம் தந்த தெளிவு.

2025 மே 21 அன்று கார்வாரில் ‘ஐஎன்எஸ்வி கௌண்டின்யா’ என்னும் கலம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அஜந்தா ஓவியம் ஒன்றில் காணும் கப்பலைப் பின்பற்றி, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட அக்கலத்தைக் கேரளக் கைவினைஞர்கள் உருவாக்கினர். பண்டைப் பெருமை எனப் பிரதமர் முதல் அமைச்சர்கள் வரை அதைக் கொண்டாடினர். கலம் கொண்டாடத் தக்கதே. ஆனால் அதைத் தைத்த கைகளுக்குரிய தொழிலில் ஓர் இளைஞர் இன்று சேர்ந்தால் அவருக்கு மாத ஊதியம் உண்டா என்ற கேள்வி அந்த மேடையில் எழவில்லை. திறனைப் போற்றுவதும் திறனாளியைக் கைவிடுவதும் இவ்வரசிடம் ஒருங்கே நிகழ்கின்றன.

பிறப்பு வழிக் கல்வி

திறன் அழியாமல் காக்க அரசு முன்வைக்கும் வழி பி.எம்.விஸ்வகர்மா திட்டம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் 18 தொழில்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. படகு கட்டுவோர் அவற்றுள் இடம்பெற்றுள்ளனர். பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகள் வாங்க 15,000 ரூபாய், பின்னர் இரு தவணைகளாக 3 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காட்டு வட்டியில் கடன் என்பது அதன் உள்ளடக்கம். கைவினைஞருக்கு உதவி கிடைப்பதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் குடும்ப வழித் தொழிலில் ஈடுபடுவோரே பயனாளிகள் என்பதும், குரு-சிஷ்ய மரபை வலுப்படுத்துவது அதன் நோக்கம் என்பதும் எதைக் குறிக்கின்றன? தந்தையின் உளியை மகன் ஏந்த வேண்டும் என்பதையே. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இத்திட்டத்தை அதே வடிவில் ஏற்க மறுத்தமைக்குக் காரணம் இதுவே. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த, குலக்கல்வி என மக்கள் பெயரிட்ட திட்டத்தை எதிர்த்துப் போராடி, அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்படச் செய்த மண் இது. இங்கே அந்த வாசனை எளிதில் புலப்பட்டுவிடும்.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம். 14 வயதுக்கு உட்பட்டோரை வேலையில் அமர்த்துவதைத் தடை செய்த அத்திருத்தம், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவுவதற்கு விலக்களித்தது. கைவினைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த விலக்கு விரிக்கும் வலையைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பிள்ளையின் முதல் வேலை, ஊதியமற்ற வேலையாக, பத்து வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

நமது நிலை தெளிவாக இருக்க வேண்டும். திறன் காக்கப்பட வேண்டும்; அதைச் சாதியின் கைப்பிடியிலிருந்து விடுவிக்கவும் வேண்டும். கலம் கட்டும் அறிவு மனித குலத்தின் சொத்து. அதை ஒரு குடும்பத்துக்குள், ஒரு சமூகத்துக்குள் அடைத்து வைத்ததாலேயே அது இன்று அருகிவருகிறது. தச்சரின் மகள் மருத்துவராகவும், நிலமற்ற உழவுத் தொழிலாளியின் மகள் கப்பல் தச்சராகவும் ஆகக்கூடிய பாதையைத் திறப்பதே முற்போக்கான வழி. அப்பாதை தொழிற்பயிற்சி நிலையத்தின் வழியாகவும் பொதுத்துறைக் கப்பல் தளத்தின் வழியாகவும் செல்கிறது. அந்தப் பாதை இன்று எந்த நிலையில் உள்ளது?

சேர்த்து என்பது தவிர்த்து ஆன கதை

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என விதிக்கிறது. நோக்கம் நல்லதே. ஆனால் அதன் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் எனவும், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா எனவும் கூறுகிறது. 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமையை முதலாளியின் மீது சுமத்தவில்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொள்ளும் கொள்கைக்கே விட்டுவிட்டது. சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையையும் அதே திருத்தம் நீக்கி, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

சட்டங்களை மொழிபெயர்ப்போர், பெரிய சொற்களைவிடச் சிறிய சொற்களையே கூர்ந்து நோக்கப் பழகியவர்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ‘தொழிலாளி’ என்பதற்கு வரையறை தருகையில், அடைப்புக்குறிக்குள் ‘பழகுநர் உட்பட’ என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் வரையறையில், அதே இடத்தில், அதே அடைப்புக்குறிக்குள், தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோர் ‘நீங்கலாக’ என்று உள்ளது. ‘உட்பட’ என்பது ‘நீங்கலாக’ ஆனதில் ஒரு தலைமுறையின் நிலை மாறிவிடுகிறது. பற்றவைக்கும் கருவியைக் கையில் ஏந்தி, கப்பலின் அடித்தளத்தில் குனிந்து நின்று, தேறிய தொழிலாளியின் அருகில் எட்டு மணி நேரம் பணிபுரியும் இளைஞர் தொழிலாளி அல்லர். அவர் பெறுவது கூலியும் அன்று, உதவித்தொகை. கூலி என்றால் அதற்குக் குறைந்தபட்ச அளவு கேட்கலாம். உதவித்தொகை என்றால் நன்றி சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பார்கள்.

அந்த உதவித்தொகை எவ்வளவு? 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்வித் தகுதிக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை அதன் குறைந்தபட்ச அளவு. அதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என மத்தியப் பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஊர்விட்டு ஊர் சென்று, கொச்சியிலோ மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ அறை வாடகை கொடுத்து, உணவுக்கும் செலவிட்டு வாழும் இளைஞருக்கு இது போதுமா என்பதைப் பெற்றோரிடம் கேட்டால் விடை கிடைக்கும்.

பயிற்சி முடிந்தபின்? பொதுத்துறைத் தளங்களிலேயே நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி, கால வரம்பிட்ட நியமனமும் ஒப்பந்தக்காரர் வழி வேலையும் பெருகிவிட்டன. 2018 முதல் எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்ட கால வரம்பு வேலைமுறை, இன்று சட்டத் தொகுப்பின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஆபத்தில் மட்டும் எல்லோரும் சமம். 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சித் தளத்தில் பழுதுபார்ப்புக்கு நின்ற ‘சாகர் பூஷண்’ கலத்தில் நேர்ந்த வெடிப்பில் ஐவர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒப்பந்த நிறுவனங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர்.

முதல் வேலைக்கான ஊக்கத்தொகை யாருக்கு?

‘முதல் வேலை பெறுவோருக்கு அரசு பணம் தருகிறதே’ எனச் சிலர் கேட்கக்கூடும். 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்துக்கு 99,446 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். முதன்முறையாக வேலையில் சேரும் இளைஞருக்கு ஒரு மாத ஊதியம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரு தவணைகளில் ஒரே முறை. அவரைச் சேர்க்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டாண்டுகளுக்கு, அதாவது 72,000 ரூபாய் வரை. உற்பத்தித் துறை எனில் நான்காண்டுகள். அதாவது 1,44,000 ரூபாய் வரை. பெயர் இளைஞருடையது, பெரும்பங்கு முதலாளியுடையது. அந்த நான்காண்டுகளுக்குப் பின் வேலை நிலைக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

நியாயமாகச் சிந்திக்கும் ஒருவர் இங்கே ஒரு மறுப்பை முன்வைக்கலாம். 2024இல் வெளியான இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, வேலையற்றோருள் 83 விழுக்காட்டினர் இளைஞர்கள். இந்நிலையில் எந்த வேலையும் இல்லாமையைவிட மேல் அல்லவா? கப்பல் கட்டும் தொழில் கொள்முதல் ஆணைகளைச் சார்ந்தது. ஆணை இல்லாத ஆண்டில் நிரந்தரத் தொழிலாளரை எவ்வாறு தாங்குவது?

இக்கேள்விக்குத் தென்கொரியாவின் அனுபவம் விடை தருகிறது. சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்தே உலகக் கப்பல்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கட்டுகின்றன. அவ்வரிசையில் சேர விரும்பும் அரசு, அவற்றின் பாடத்தையும் படிக்க வேண்டும். 2015ஐ ஒட்டிய நெருக்கடியில் கொரியத் தளங்கள் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றின. எஞ்சிய துணை ஒப்பந்தத் தொழிலாளரின் ஊதியத்தைக் குறைத்தன. ஆணைகள் திரும்பி வந்தபோது பற்றவைக்கத் தேர்ந்த கைகள் இல்லை, வெளியேறியோர் திரும்பவில்லை. 2022 கோடையில் தேவூ தளத்தின் துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் ஒருவர், ஒரு கனமீட்டர் இரும்புக் கூண்டுக்குள் தம்மை அடைத்துக்கொண்டு நீதி கேட்டார். தொழிலாளியைத் துரத்திவிட்டுத் திறனை மட்டும் வைத்துக்கொள்ள எந்த முதலாளியாலும் இயலாது. திறன் தொழிலாளியின் கையோடு வெளியேறிவிடும்.

ஆணைகளின் ஏற்ற இறக்கமும் இயற்கை நியதி அன்று. கடற்படை, கடலோரக் காவல்படை, துறைமுகங்கள், உள்நாட்டு நீர்வழிகள் எனப் பெரும் கொள்முதலாளர் அரசே. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த ‘விக்ராந்த்’ கொச்சித் தளத்தில் கட்டப்பட்டது. 2023 ஏப்ரலில் கேரளத்தின் இடதுசாரி அரசு தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவுக்கான மின்படகுகளும் அங்கேயே கட்டப்பட்டன. மக்களின் போக்குவரத்துத் தேவையை அரசு திட்டமிட்டு நிறைவேற்றினால் தளத்துக்கு இடைவிடாத வேலை கிடைக்கும். தளத்துக்கு வேலை இருந்தால் பிள்ளைகளுக்கு நிலையான முதல் வேலை கிடைக்கும். திட்டமிடல் என்ற சொல்லையே கைவிட்ட ஆட்சி, அதன் விளைவைத் தொழிலாளியின் தலையில் சுமத்துகிறது.

நாம் செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். முதலாவதாக, 69,725 கோடியிலிருந்து ஒரு ரூபாய் பெறும் எந்தத் தளமும், தான் பயிற்றுவித்த பழகுநர்களுள் குறிப்பிட்ட பங்கினரை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவதாக, பழகுநரின் உதவித்தொகை அந்தந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாக இருத்தல் கூடாது. சட்டத் தொகுப்பின் ‘நீங்கலாக’ நீக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பேப்பூர், மாண்ட்வி, பாலாகர் ஆகிய இடங்களின் மூத்த தச்சர்களை, கல்விச் சான்றிதழ் கேட்காமல், தொழிற்பயிற்சி நிலையங்களில் மாத ஊதியம் பெறும் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். அவர்களிடம் கற்க எச்சமூகத்தினருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், கதவு திறந்திருக்க வேண்டும். நான்காவதாக, மரக்கலம் கட்டுவோரைத் தொழிலாளர் கூட்டுறவுகளாக அமைக்க அரசு துணை நிற்க வேண்டும். அதே கோழிக்கோடு மாவட்டத்தின் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1925இல் தொடங்கி ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்பது, இது கனவன்று என்பதற்குச் சான்று.

கோரிக்கை வைப்பதோடு நமது கடமை முடிவதில்லை. தளத்தின் வாயிலில் தொழிற்சங்கக் கொடி பறக்கிறது. ஆனால் உள்ளே செல்லும் பழகுநரை அச்சங்கம் தன்னுடையவராகக் கருதுகிறதா என்பதை ஒவ்வொரு கிளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ஓராண்டில் போய்விடுபவர்தானே’ என்ற எண்ணம் நம்மிடையே இருக்குமானால் அது களையப்பட வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைத் தளங்களில் 1937இல் பழகுநர்களே வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வும் சங்க உரிமையும் கோரினர். 1950களின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த பழகுநர் போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவர் ஜிம்மி ரீட் என்னும் இளம் கம்யூனிஸ்ட். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், 1971இல், அரசு தளங்களை மூட முனைந்தபோது, தொழிலாளர்களே தளத்தைக் கையிலெடுத்து உற்பத்தியைத் தொடர்ந்த வரலாற்றுப் புகழ்பெற்ற போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரும் அவரே. பத்தொன்பது வயதில் சங்கம் யாரைச் சேர்த்துக்கொள்கிறதோ, அவரே நாற்பது வயதில் தளத்தைக் காப்பாற்றுகிறார்.

மாணவர், இளைஞர் அமைப்புகள் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குள் செல்ல வேண்டும். பயிற்சி முடிக்கும் மாணவர், தாம் கையெழுத்திடப்போகும் பழகுநர் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைத் தாய்மொழியில் அறிந்திருக்க வேண்டும். அதை எளிய மொழியில் தருவது நமது பதிப்பகங்களால் இயலும் பணியே. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களை அம்பலப்படுத்துவதும் இப்பணியின் பகுதியே.

கப்பல் நீரில் இறங்கும் நாளில் அமைச்சர் தேங்காய் உடைப்பார், நாளேடுகளில் படம் வரும். அதன் அடிப்பலகையைப் பொருத்தியவருக்கு மறுநாள் காலை வேலை உண்டா என்பதே நமது அளவுகோல். அந்த அளவுகோலைக் கையிலேந்தி, இந்த 69,725 கோடியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்போம்.